பௌத்தம் இல்லத்துள் புகும் வழி

ஒருவர் பௌத்தர் ஆவது எவ்வாறு? பிறந்த குடியின் வழியாகவா, நூலைக் கற்றா, பல்லாயிரவர் நடுவே நின்று உறுதிமொழி கூறியா? அவ்வாறு ஆனபின் அவருடைய அடுக்களையிலும், மணப்பந்தலிலும், இடுகாட்டிலும் அச்சமயம் எவ்வாறு இடம்பெறுகிறது? இவ்விரு வினாக்களுள் முதலாவதைப் பற்றி நூல்கள் நிரம்பப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றி அவை மிகுதியாகப் பேசுவதில்லை. ஆயினும், ஒரு சமயம் ஒரு குடும்பத்தில் வேரூன்றுவதும் இரண்டு தலைமுறையில் மறைந்து போவதும் இரண்டாவது வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் கருத்து. தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொங்கலுக்குக் கரும்பு கிடைக்காத ஊரிலும், ஈமக்கடனுக்கு ஆள் கிடைக்காத ஊரிலும் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

தமிழில் இவ்வினாக்களுக்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. அஃது ஒரு தீவில் நிகழ்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன் என்னும் வணிகன் கற்புடைய மனைவியாகிய ஆதிரையை விட்டுக் கணிகை ஒருத்தியுடன் வாழ்ந்து, சூதாடிப் பொருளை இழந்து, பின் பொருள் தேடக் கலம் ஏறுகிறான். புயலில் கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்த அவன், ஆடையற்ற நாகர் வாழும் மலையொன்றில் ஒரு மரத்தடியில் களைத்து உறங்குகிறான். அவனைக் கொல்ல வந்தவர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே அவன் பேசுகிறான். இந்த ஒரு குறிப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மொழிபெயர்ப்பை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்ட எனக்கு, சாதுவனை முதலில் காத்தது அறமன்று, மொழியறிவே என்று தோன்றுகிறது.

நாகர் தலைவன் அவனை உபசரிக்கிறான். கள்ளும் ஊனும் இளம் பெண் ஒருத்தியும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். தலைவனுக்குச் சினம் வருகிறது. இவை இல்லையெனில் மனிதருக்கு உலகத்தில் வேறென்ன இன்பம் என்று கேட்கிறான். சாதுவன் கள்ளுண்டு அறிவு மயங்குவதையும், கொலையையும், பிறப்பு இறப்பையும், நல்வினை தீவினையையும் எடுத்துரைக்கிறான். உடலை விட்ட உயிர் வேறிடம் போய்ப் பிறக்கும் என்பதை எப்படி நம்புவது என்று தலைவன் எள்ளி நகைக்கிறான். அதற்கும் விடை கிடைக்கிறது. இதன்பின் அத்தலைவன் கேட்பதே காப்பியத்தின் மிகச் சிறந்த கேள்வி என்பேன். கள்ளையும் ஊனையும் விட்டுவிட்டால் நாங்கள் எப்படி உயிர் வாழ்வது, எங்களால் கடைப்பிடிக்கத் தக்க அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான்.

சாதுவன் பிக்குகளுக்குரிய ஒழுக்கத்தை அத்தீவினர் மேல் சுமத்தவில்லை. கலம் உடைந்து கரை ஒதுங்குவோரைக் கொல்லாது காப்பாற்றுங்கள். முதிர்ந்து தாமே இறக்கும் விலங்குகளைத் தவிர மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். ஊன் உண்பதே கூடாது என்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடற்கரையில் வாழ்வோர் நாள்தோறும் செய்யும் செயல் எதுவோ, அதன் மேல் அவன் கைவைக்கிறான். அதற்கு மேல் கேட்கவில்லை. பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஏறி அவன் புகாருக்குத் திரும்புகிறான். அவனுக்காகக் காத்திருந்த ஆதிரையே மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சை இடுகிறாள்.

நாகர் மலை எது என்று காப்பியம் பெயர் சுட்டவில்லை. நிக்கோபார்த் தீவுகளாக இருக்கலாம் என்று கருதிய அறிஞர் உண்டு. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் கல்வெட்டுத் தொடரில் வரும் மாநக்கவாரம் என்னும் பெயர் நிக்கோபாரையே குறிக்கும். காப்பியக் கதையை வைத்துக்கொண்டு இன்றைய நிக்கோபார் மக்களை மதிப்பிடுதல் மட்டும் தகாது. அவர்கள் தமக்கெனச் செறிந்த மரபுடையவர்கள். இன்று அவர்களிற் பெரும்பாலோர் கிறித்தவர்கள்.

தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. விடுதலைப் போராட்டத்தின் வெற்றியைக் குறிப்பதாக அரசு இதற்குக் காரணம் கூறியது. வரலாறு பயின்ற செவிக்கோ அப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். சுமத்திராவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்ரீவிஜயம் ஒரு பௌத்தப் பேரரசு. அதன் மன்னர் மரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் பட்டயங்கள் கூறுகின்றன. சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்தவனே புத்தருக்கு ஊர் கொடுத்தான். நாகப்பட்டினத்தில் சிதைந்த பௌத்தக் கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டுவரை நின்றது. அதன் சுற்றுப்புறத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. திருமேனிகளைத் தோண்டி எடுத்த காலத்தில் அவற்றை வணங்கும் குடும்பம் அவ்வூரில் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

அந்தமானில் இன்று நாம் காணும் பௌத்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்ததன்று, பர்மாவிலிருந்து வந்தது. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்புக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட பர்மாவிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1937வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. தண்டனைக் காலம் முடிந்தபின் தீவிலேயே தங்கி மணம் புரிந்துகொண்டோர் உண்டு. பர்மியர் கொண்டுவந்த நெறியின் அடையாளமாக பீனிக்ஸ் பே பகுதியில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்தோர் எல்லாரும் பௌத்தர் அல்லர். 1925 முதல் மாயாபந்தர்ப் பகுதியில் குடியேறிய கரேன் மக்கள் பெரும்பாலும் கிறித்தவர்கள். 2011 மக்கட்கணக்கின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,000க்குச் சற்று மேல். அதில் பௌத்தர் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுகூட இல்லை. ஆயினும் தீவின் புகழ்பெற்ற செம்மரத்தைத் தமிழரும் வங்காளியரும் ஒருங்கே ‘படாக்’ என்று அழைக்கும்போது, அறியாமலே ஒரு பர்மியச் சொல்லை வழங்குகின்றனர்.

பர்மிய இல்லத்தில் பிறந்த குழந்தைக்குப் பௌத்தம் கேள்வியாக வருவதில்லை. சிறுவன் சில நாட்களேனும் தலை மழித்துத் துவராடை உடுத்து மடத்தில் தங்குவது அங்கு குடும்ப விழா. காலையில் பிக்குவின் கலத்தில் சோறிடுவது தாயின் அன்றாட வேலை. சமயம் உலைப்பானையோடு சேர்ந்தே கொதிக்கிறது. இவ்வழியில் வருவோருக்குச் சான்றும் வாதமும் வேண்டுவதில்லை. பௌத்த நாடுகளில் வாழ்ந்து திரும்பிய தமிழர் இதனை நன்கு அறிவர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து வந்து, நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் ஓர் எடுத்துக்காட்டு. பௌத்தர் நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், அவர்களிற் பெரும்பாலோர் தம் மாரியம்மனோடும் முருகனோடும் திரும்பி வந்தனர். அண்டை வீட்டில் ஒரு சமயம் இருப்பது மட்டும் ஒருவரை அதற்குள் இழுத்துவிடுவதில்லை.

அவ்வாறாயின், பௌத்தம் வழக்கொழிந்துபோன தமிழ்நாட்டில் அது மீண்டும் தலைதூக்கியது எங்ஙனம்? 1898ஆம் ஆண்டு இதில் குறிப்பிடத்தக்கது. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டது அவ்வாண்டில்தான். சித்த மருத்துவரும் தமிழ்ப் புலவருமான அயோத்திதாச பண்டிதர், கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான்.

அயோத்திதாசர் 1845இல் பிறந்தவர், 1914இல் மறைந்தார். பஞ்சமர் என்று அன்றைய அரசு ஏடுகளிற் குறிக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் நுழைவு, கல்வி, நிலம் ஆகியவை மறுக்கப்படுவதைக் கண்டு பலகாலம் போராடியவர். இன்னொரு சமயத்துக்கு ‘மாறுதல்’ அவர் கொள்கையன்று. நாம் முன்னமே பௌத்தராக இருந்தோம், அதனாலேயே தாழ்த்தப்பட்டோம், ஆகவே இது வீடு திரும்புதல் என்பதே அவர் வாதம். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் அவர் தொடங்கிய வார இதழ் இக்கருத்தை வாரந்தோறும் எடுத்துச் சென்றது. ஓராண்டுக்குப்பின் அது ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. மக்கட்கணக்கு எடுக்கும் காலத்தில் தம் சமயத்தைப் பௌத்தம் என்றே எழுதுமாறும் அவர் வற்புறுத்தினார்.

என் நோக்கில் அவருடைய பெருந்திறமை வாதத்தில் இல்லை; பஞ்சாங்கத்தில் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்த ஒரு குடும்பம் தீபாவளியன்று என்ன செய்வது? எண்ணெய் முழுக்கை விட்டுவிடுவதா? குழந்தைகளுக்கு என்ன சொல்வது? அயோத்திதாசர் விழாக்களை ஒழிக்கச் சொல்லாமல் அவற்றுக்கு வேறு பொருள் கூறினார். எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அதன் நன்மையை ஆராய்ந்து, மக்கள் முழுகி மகிழ்ந்த நாளே தீபாவளி என்றார். கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடு தொடர்புபடுத்தினார். போகியைப் புத்தரின் இறுதி நாளோடு இணைத்தார். நரகாசுரன் கதை போயிற்று. எண்ணெய்க் கிண்ணம் வீட்டிலேயே இருந்தது. இவ்விளக்கங்களை வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு செய்தி. பலவற்றை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு தாய் தன் மகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே புதிய நெறியில் நிற்க அவை வழிசெய்தன. சாதுவன் செய்ததும் இதனை ஒத்ததே.

இந்நெறி சென்னையிலும் வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலும் பரவியதைக் காட்டிலும் தாயகத்துக்கு வெளியே சென்ற தமிழரிடையே ஆழ வேரூன்றியது என்பது நேயர்கள் மனத்தில் கொள்ளத்தக்க செய்தி. மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களில் சாக்கைய பௌத்தர் கிளைகள் தோன்றின. தங்கவயலில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சங்கங்கள் இயங்கின. பண்டிதரின் மறைவுக்குப்பின் ‘தமிழன்’ இதழ் 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சித்தார்த்தர் பெயரால் ஒரு புத்தகசாலையும் அங்கே அமைந்து, பண்டிதரின் நூல்களை அச்சிட்டது.

ஏன் தங்கவயல்? ஊரில் பண்ணையாரின் நிலத்தில் கூலியாக இருந்தவர், சுரங்கத்தில் மாதச் சம்பளம் பெறும் தொழிலாளியானார். சம்பளத்தில் ஓரணா இதழுக்கும் சங்கச் சந்தாவுக்கும் ஒதுக்க முடிந்தது. ஊரில் அவர் என்ன புத்தகம் படிக்கிறார் என்று கேட்க ஒருவர் இருந்தார். தங்கவயலில் அப்படிக் கேட்பார் இல்லை. இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. முடிவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. பாறை வெடித்துச் சரிவது அங்கே அடிக்கடி நேர்ந்தது. காலையில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவார் என்பதற்கு உறுதியில்லை. அவ்வாறு ஒருவர் இறந்தால், உறவினர் எல்லாரும் நூறு கல் தொலைவில் இருக்கையில், உடலைத் தூக்குவது யார்? எந்த முறைப்படி அடக்கம் செய்வது? விதவைக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்பது யார்? சாக்கைய பௌத்த சங்கங்கள் சொற்பொழிவு மட்டும் நடத்தவில்லை. பெயர் சூட்டல், திருமணம், ஈமச் சடங்கு ஆகியவற்றைத் தம் முறைப்படி நடத்தி வைத்தன. சாவு வீட்டுக்கு வந்து நிற்கும் சங்கத்தைப் பற்றி அத்தொழிலாளிக்குத் தத்துவ விளக்கம் தேவைப்பட்டிராது.

புரோகிதருக்குப் பதிலாகச் சங்கத்து உறுப்பினரே பஞ்சசீலம் ஓதித் திருமணம் நடத்தினர். கொலை செய்யேன், களவு செய்யேன், பிறன்மனை நாடேன், பொய் பேசேன், மதியை மயக்கும் குடியைத் தொடேன் என்பவையே அவ்வைந்து. இவற்றுள் ஐந்தாவதே சுரங்க ஊரில் கடினமானது. சம்பளநாள் மாலையில் சாராயக்கடை வாசலில் ஒருவர் எப்பக்கம் திரும்புகிறார் என்பதைப் பார்த்தே அவர் மனைவி இந்தப் புதிய சமயத்தை மதிப்பிட்டிருப்பாள். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. வேலை தேடி மக்கள் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறும் ஊராகிவிட்டது தங்கவயல்.

நூல் வழியாக வந்தவர்களும் உண்டு. சென்னையில் கிறித்தவக் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் இயற்பியல், வேதியியல் கற்பித்த பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, அறிவியலுக்கு முரணாகாத ஒழுக்கநெறி என்ற நோக்கில் பௌத்தத்தை விளக்கி 1907இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவராகப் புகழ்பெற்ற ம. சிங்காரவேலரும் அக்காலச் சென்னையின் பௌத்த வட்டத்தைச் சேர்ந்தவரே. படித்தோரின் இவ்வழி மதிப்புக்குரியது. ஆனால் அது வாசகசாலையைத் தாண்டி வீட்டுப் பெண்களிடம் சென்றதாகத் தெரியவில்லை. லட்சுமி நரசுவின் நூல் 1948இல் மீண்டும் அச்சேறியபோது அதற்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர்.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவியது யாவரும் அறிந்ததே. 1951 மக்கட்கணக்கில் இந்தியாவில் பௌத்தர் சுமார் 1,80,000. 1961இல் 32 லட்சத்துக்கு மேல். 2011இல் அத்தொகை 84 லட்சம்; அவர்களிற் பெரும்பாலோர் மராட்டிய மாநிலத்தவர். தமிழ்நாட்டில் சுமார் 11,000 பேரே. நாகபுரியில் அவர் மக்களுக்குக் கூறிய 22 உறுதிமொழிகளைப் படித்துப் பார்த்தால், அவற்றிற் பல இல்லத்தைப் பற்றியவை என்பது புலனாகும். எந்தத் தெய்வத்தை வணங்குவதில்லை, சிராத்தம் செய்வதில்லை, பிராமணரைக் கொண்டு சடங்கு நடத்துவதில்லை, மது அருந்துவதில்லை என்று நாளைக் காலையிலிருந்து வீட்டில் எது மாற வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. அயோத்திதாசர் பழைய விழாவுக்குப் புதுப் பொருள் தந்தார். அம்பேத்கர் பழையதைக் கைவிடச் சொன்னார். இரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கூற எனக்கு விருப்பமில்லை. ஆனால் இன்றும் பல வீடுகளில் மகன் இரண்டாவது வழியிலும் தாய் முதல் வழியிலும் நிற்கின்றனர். தீபாவளிக்கு முதல்நாள் இரவு அவ்வீடுகளில் நடக்கும் வாக்குவாதத்தை நேயர்களிற் சிலரேனும் கேட்டிருப்பர்.

இதில் அரசுப் படிவமும் தலையிடுகிறது. படிவங்களைத் தமிழாக்குவோருக்கு ‘மதம்’ என்னும் கட்டம் மிகச் சிறியதாகத் தோன்றும்; நிரப்புவோருக்கு அப்படியன்று. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படவில்லை. 1956இல் சீக்கியருக்கு இவ்வுரிமை விரிந்தது. பௌத்தருக்கு 1990இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 34 ஆண்டுகளில், நெஞ்சில் பௌத்தராகவும் படிவத்தில் இந்துவாகவும் வாழ்ந்தோரை நாம் குறைகூற முடியாது. மகனின் கல்விச் சலுகையும் வேலையும் அக்கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இனி இத்தடை இல்லை. திருமணத்தைப் பொறுத்தவரை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்தும். 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் அவ்வாறே. ஆகவே சொத்து குறித்து அச்சம் கொள்ள இடமில்லை.

தீவில் வாழ்வோர் கேட்கக்கூடிய மற்றொரு கேள்வி மீனைப் பற்றியது. நாற்புறமும் கடல், அன்றாடக் குழம்பு மீன்குழம்பு. பௌத்தரானால் இதனை விட வேண்டுமா? பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்த இல்லறத்தார் மீன் உண்கின்றனர். தமக்கென்றே கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இருந்தால் அவ்வூனைப் பிக்கு ஏற்கலாகாது என்பதே பழைய விதி. ஊனை முற்றாக அது விலக்கவில்லை. சீன மரபுப் பிக்குகளோ மரக்கறி உணவே கொள்வர். வலைவீசிப் பிழைப்பவருக்கு முதற் சீலம் இடர் தருவதே. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அவருக்கும் சொல்வதற்குச் சாதுவனிடம் ஒரு சொல் இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

புதிதாக இந்நெறியை ஏற்கும் தமிழ் வீட்டில் வேண்டுவன மிகச் சில. புத்தர் படம் ஒன்று, விளக்கு ஒன்று, மும்மணிகளைச் சரணடையும் மூன்று தொடர்கள், ஐந்து சீலங்கள். இவற்றுக்குப் பிக்கு வேண்டுவதில்லை; குடும்பத்தில் மூத்தவர் சொல்ல மற்றவர் பின் சொல்லலாம். முழுநிலா நாளில் ஒருவேளை உணவோடு அமைந்து, சற்றுநேரம் மூச்சைக் கவனித்து அமர்வதுண்டு. பணிக்குச் செல்வோர் விடியற்காலையில் கால்மணி நேரம் ஒதுக்குவர். துக்கம் நேர்ந்த வீட்டில், பிறந்த யாவும் மறையும் என்னும் பாளிச் செய்யுளை ஓதி, இறந்தவர் பெயரால் ஏழாம் நாள் ஏழைகளுக்கு உணவளிப்பது பல பௌத்த நாடுகளின் வழக்கம். தமிழில் ஓதினாலும் குற்றமில்லை. மக்கள் தத்தம் மொழியிலேயே அறத்தைக் கற்கட்டும் என்று புத்தர் அனுமதித்ததாக விநய நூல் கூறுகிறது.

விழா நாளுக்கும் தமிழ் வீட்டில் தனியே இடம் தேட வேண்டியதில்லை. புத்த பூர்ணிமா மத்திய அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை நாள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் அம்முழுநிலாவில் என்பது தேரவாத மரபு. சில ஆண்டுகளில் வைகாசி விசாகம் அதே நாளிலோ அதை ஒட்டியோ வரும். அன்று முருகனுக்குப் பாலபிடேகம் முடித்துப் பீனிக்ஸ் பே வழியாக வீடு திரும்பும் தமிழரும், அங்கே புத்தர் முன் விளக்கேற்றும் பர்மிய வழியினரும் ஒரே நிலவின் கீழ்த்தான் நடக்கின்றனர்.